ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் ஸ்டியரிங் தண்டு பொருந்தாமல் போனால்: பழுதை எங்கே தேடுவது

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் ஸ்டியரிங் தண்டைப் பிரித்து, துரு நீக்கி, தண்டைத் தாங்கிச் சுழலவிடும் வளையங்களான புஷ்களைப் புதிதாகப் போட்டுத் திரும்பப் பூட்டுவது, பாகங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒரு பகல் வேலைதான். ஒரு வெளிக்குழாய், அதற்குள் சுழலும் மேல் தண்டு, அதன் அடியில் செருகி நிற்கும் கீழ்த் தண்டு, இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளாம்ப், சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டமான ரேக்கின் பினியனோடு (அதை நகர்த்தும் சிறு பல்சக்கரத்தோடு) சேர்க்கும் ரப்பர் கப்ளிங்: இவ்வளவுதான். ஆனால் எல்லாவற்றையும் பூட்டிய பிறகு ஸ்டியரிங் வீல் விறைத்துச் சுழல்வதும், கப்ளிங்கின் போல்ட் துளைக்குள் போக மறுப்பதும், வீலின் ஹப் வெளிக்குழாயின் தலையில் உரசுவதும், ஹாரன் ஊமையாகிப் போவதும் இந்த வேலையில் வழக்கமாக வருகிறவை. வந்தவுடன் பலரும் தண்டையே மறுபடி கழற்றி, புஷ்ஷை அரத்தால் தேய்க்கிறார்கள், கிளாம்பைத் தட்டி வளைக்கிறார்கள். குற்றம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இந்தக் காரில் தண்டின் மேல்பாதி பாடியில் தொங்குகிறது. கீழ்முனையோ சேஸிஸில், அதாவது காரின் அடிச்சட்டத்தில், உட்கார்ந்திருக்கும் ரேக்கைப் பிடித்திருக்கிறது. பாடியும் சேஸிஸும் தம் பழைய நிலையில் இல்லையென்றால், குறையே இல்லாத தண்டுகூடப் பொருந்தாது.

இந்த அமைப்புக்கு ஒரு காரணம் உண்டு. 1959இல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் நிறுவனம் ஹெரால்டை வெளியிட்டபோது, மற்ற சிறு கார்கள் பாடியையும் சேஸிஸையும் ஒரே கூடாக ஆக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. அந்த நிறுவனத்துக்குப் பாடி செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டதால், முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல், பாடியைத் துண்டு துண்டாகச் செய்து தனிச் சேஸிஸின் மேல் போல்ட் போட்டு இணைக்கும் வழியை எடுத்தார்கள். ஜியோவானி மிக்கெலொட்டி வரைந்த அந்த வடிவமே 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வழியாக நம் சாலைகளுக்கு வந்தது. நான்கு கதவு வடிவம் பின்னர் இந்தியாவுக்கென்றே உருவானது. போல்ட் போட்டு இணைத்த பாடி என்றால், அந்தப் போல்ட்களின் அடியில் ரப்பர் அட்டைகளும், உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய உலோகத் தகடுகளான ஷிம்களும் உண்டு என்று பொருள். அறுபது ஆண்டுகளில் அந்தக் காரில் கை வைத்தவர்கள் கதவு சரியாக மூடவில்லை என்றோ, பானட் இடைவெளி அகன்றுவிட்டது என்றோ அவற்றைக் கூட்டியும் குறைத்தும் இருப்பார்கள். அந்தக் கணக்கெல்லாம் கடைசியில் ஸ்டியரிங் தண்டின் தலையில் வந்து விடிகிறது. ஒரே ஒரு ஆறுதல், முன் மட்கார்டுகளோடு சேர்ந்து பானட் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்வதால், முன் டயரின் மேல் உட்கார்ந்தபடியே ரேக்கையும் கப்ளிங்கையும் தொட்டுப் பார்க்க முடியும். இந்த வசதியைப் பெரும்பாலான பழைய கார்களில் எதிர்பார்க்காதீர்கள்.

கழற்றும் முன் எடுத்துவைக்க வேண்டிய அளவுகள்

பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு, முன் சக்கரங்களை நேராக நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு மூன்று இடங்களில் அடையாளம் இட வேண்டும். வீலின் ஹப்புக்கும் வெளிக்குழாயின் தலைக்கும் உள்ள இடைவெளியை வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்வது முதலாவது. கீழ்த் தண்டு மேல் தண்டுக்குள் எவ்வளவு நுழைந்திருக்கிறது என்பதை, கிளாம்பின் விளிம்பு நிற்கும் இடத்தில் கீறிக் குறித்துக்கொள்வது இரண்டாவது. பினியனின் ஸ்பிளைனும் (முனையைச் சுற்றி வெட்டிய நீளப் பற்களும்) கப்ளிங்கின் வாயும் சந்திக்கும் இடத்தில் இரண்டிலும் சேர்ந்தாற்போல் ஒரு பெயின்ட் கோடு போடுவது மூன்றாவது. செல்பேசியில் படம் எடுத்துவைப்பது நல்லதுதான். ஆனால் படத்தில் மி.மீ. தெரியாது.

வீலைக் கழற்றும்போது நடுநட்டை முழுவதும் எடுத்துவிடாமல் சில மரைகள் பிடித்திருக்கும்படி விட்டு, புல்லர் வைத்து இழுக்க வேண்டும். தண்டின் தலையில் சுத்தியலால் அடித்து வீலை விடுவிக்கும் பழக்கம் ஒர்க்‌ஷாப்களில் உண்டு. இந்தக் காரில் அது கூடாது. ஹெரால்டின் தண்டு, மோதலின்போது ஓட்டுநரின் மார்பை நோக்கிப் பாயாமல் தனக்குள் மடங்கிச் சுருங்கும்படி அமைக்கப்பட்டது. தலையில் விழும் அடியை அது மோதல் என்றே எடுத்துக்கொண்டு, கிளாம்பின் பிடியை மீறி உள்ளே நழுவும். நழுவிய பிறகு முதலில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

தண்டைத் தனியாக மேசையில் வைத்துப் பார்ப்பது

காருக்குள் பூட்டுவதற்கு முன், மேல் தண்டை வெளிக்குழாயில் புஷ்களோடு கோத்து, மேசை மேல் வைத்து விரல்களால் சுழற்றிப் பார்க்க வேண்டும். இங்கேயே விறைப்பு இருந்தால் காரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இங்கே வழுக்கிக்கொண்டு சுழன்றால், காரில் தெரியும் விறைப்புக்குத் தண்டு காரணமில்லை என்பது அப்போதே உறுதியாகிவிடும். இந்தச் சோதனையை விட்டவர்கள் பின்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் தடுமாறுவார்கள்.

புதுப் புஷ் இறுக்கமாக இருப்பதே மேசை மேல் வரும் முதல் தொல்லை. மேலும் கீழுமாக இரண்டு புஷ்கள் வெளிக்குழாய்க்குள் உட்காருகின்றன. ஒவ்வொன்றின் வெளிப்பக்கத்திலும் சிறு குமிழ்கள் உண்டு. அவை குழாயில் உள்ள துளைகளில் வந்து விழ வேண்டும். குமிழ் துளைக்குள் விழாமல் குழாயின் உள்சுவரில் அழுந்தி நின்றால், புஷ் அந்த இடத்தில் உள்நோக்கிப் பிதுங்கித் தண்டைக் கவ்வும். வெளியிலிருந்து விரலால் தடவினால் குமிழின் தலை துளையில் தட்டுப்படும். தட்டுப்படவில்லையென்றால் புஷ் திரும்பி நிற்கிறது அல்லது ஆழம் போதவில்லை. புஷ்ஷின் ஒரு முனையில் உள்ள இரும்பு வளையம் தண்டின் கீழ்முனையை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டாலும் உள்ளே போய்விடும் என்பதால், ஏற்கெனவே யாரோ மாற்றிப் போட்டிருந்த காரில் பழைய புஷ்ஷைப் பார்த்து அதேபோல் போடுவது தவறில் முடியும்.

குமிழ் சரியாக விழுந்தும் இறுக்கம் தீரவில்லையென்றால், குழாயின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பவுடர் கோட்டிங் கொடுக்க அனுப்பிய குழாய் திரும்பி வரும்போது, புஷ் உட்காரும் உள்சுவரிலும் பூச்சு ஏறியிருக்கும். அந்தப் பூச்சின் தடிமன் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாவிட்டாலும், ரப்பர் புஷ்ஷை நான்கு பக்கமும் நெருக்க அது போதும். குழாயின் வாயில் இரண்டு முனைகளிலும் புஷ் நிற்கும் நீளத்துக்கு மட்டும் எமரி பேப்பரைச் சுற்றி, பூச்சை வெறும் இரும்பு வரை எடுத்துவிட்டால் போதும். பூச்சுக்கு அனுப்பும்போதே அந்த இடங்களில் கார்க் அடைத்து அனுப்பினால் இந்த வேலையே வராது.

தண்டின் மேற்பரப்பையும் பார்க்க வேண்டும். பழைய புஷ் நின்ற இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு பளபளப்பான பட்டை தெரியும். நகத்தை அதன் குறுக்கே இழுத்தால், பட்டையின் இரு ஓரங்களிலும் நகம் லேசாகத் தடுக்கும். அந்த இரண்டு விளிம்புகளும்தான் புதுப் புஷ்ஷை அரிக்கின்றன. நுண்ணிய எமரி பேப்பரால் விளிம்புகளை மட்டும் மழுக்கிவிடலாம். பட்டையின் நடுவே விட்டம் கணிசமாகக் குறைந்திருந்தால், லேத்தில் கொடுத்துப் படிய வைக்கும் வேலை செய்வதைவிட நல்ல தண்டு ஒன்றைத் தேடுவதே மேல். உயவுக்குச் சாதாரண கிரீஸ் பூசக் கூடாது. கனிம எண்ணெய் சேர்ந்த கிரீஸ் இயற்கை ரப்பரை ஊதவைத்து, முதல் நாள் சரியாகச் சுழன்ற தண்டைச் சில வாரங்களில் விறைக்க வைக்கும். சிலிக்கோன் கிரீஸ் அல்லது ரப்பருக்கென்று விற்கும் கிரீஸ் போட வேண்டும். நைலான் போன்ற கடினப் பொருளில் வரும் மாற்றுப் புஷ்களில் ஊதும் பயம் இல்லை. ஆனால் அவை ரப்பர் போல விட்டுக்கொடுக்காது என்பதால், தண்டு எந்த இடத்திலும் பிடிக்காத அளவுக்கு உள்விட்டத்தைச் சீராகத் துருவிக்கொள்ள வேண்டியிருக்கும்.

தண்டு வளைந்திருக்கிறதா என்பதை ஒரு தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். லேத்தில் இரு முனைகளையும் சென்டரில் பிடித்து டயல் கேஜ் வைத்தால் ஐயமே மிஞ்சாது. வளைந்த தண்டைச் சூடாக்கி நிமிர்த்திக் கொடுப்பவர்கள் உண்டு. கதவின் கீலுக்கு அது சரி. ஸ்டியரிங் தண்டுக்குச் சரியல்ல. சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையிலோ வேறெங்கோ பழைய தண்டு வாங்கப் போகிறவர்கள் தம்முடையதையும் கையோடு கொண்டுபோய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீளம், ஸ்பிளைன், கிளாம்ப் நிற்கும் பகுதி ஆகியவற்றை ஒப்பிட்ட பிறகே காசு கொடுக்க வேண்டும். ஹெரால்டின் குடும்பத்தில் பிறந்த ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் கார்களின் தண்டுகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடாது.

தண்டும் பினியனும் ஒரே கோட்டில் வருகின்றனவா

மேசைச் சோதனையில் தேறிய தண்டு காரில் ஏறியதும் விறைக்கிறது என்றால், உண்மையான தேடல் இங்கே தொடங்குகிறது. கப்ளிங்கைப் பினியனிலிருந்து முழுவதும் விடுவித்துவிட வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் வெளிக்குழாயைப் பிடிக்கும் மேல், கீழ் கிளாம்ப்களை வழக்கமான இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்த நிலையில் வீலைச் சுழற்றிப் பார்த்து, விறைப்பு இருந்தால் கிளாம்ப்களைக் கால் திருகு தளர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். தளர்த்தியதும் விட்டுப்போகும் விறைப்பு கிளாம்பினுடையது: குழாயை முட்டை வடிவத்துக்கு நசுக்கும் அளவுக்கு இறுக்கியிருக்கிறார்கள், அல்லது கிளாம்புக்கும் குழாய்க்கும் இடையே இருக்க வேண்டிய மெத்தைப் பட்டை இல்லாமல் உலோகத்தின் மேல் உலோகம் உட்கார்ந்திருக்கிறது. பட்டையைப் புதிதாக வைத்து, குழாய் அசையாத அளவுக்கு மட்டும் இறுக்கினால் தீர்ந்துவிடும். மேல் கிளாம்பும் கீழ்க் கிளாம்பும் ஒரே கோட்டில் இல்லாமல் குழாயை வளைத்துப் பிடித்திருப்பதும் உண்டு. அப்போது ஏதாவது ஒன்றைத் தளர்த்தியதும் குழாய் ஒரு பக்கமாகத் துள்ளி விலகுவது கண்ணுக்கே தெரியும்.

கிளாம்ப்கள் பிடித்திருக்க, தண்டின் கீழ்முனை தானாக எங்கே போய் நிற்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அந்த முனையைக் கையால் தள்ளாமல், கப்ளிங்கின் வாயும் பினியனின் முனையும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் பார்க்க வேண்டும். சிறு கோணத்தை ரப்பர் கப்ளிங் தாங்கிக்கொள்ளும். அது இருப்பதே அதற்குத்தான். ஆனால் கோணம் வேறு, விலகல் வேறு. தண்டும் பினியனும் ஒரு புள்ளியில் சந்தித்து, திசை மட்டும் சற்று மாறியிருந்தால் பயமில்லை. இரண்டும் இணையான இரு கோடுகளாக ஒன்றை ஒன்று தாண்டிப் போனால், ஒரே கப்ளிங்கால் அதைச் சமாளிக்க முடியாது. வலிந்து இழுத்துப் பூட்டினால் தண்டு கீழ்ப் புஷ்ஷின் ஒரு பக்கத்தை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். பினியனின் பேரிங்கும் அதே சுமையைச் சுமக்கும்.

விலகல் தெரிந்தால், பாடி அமர்ந்திருக்கும் இடங்களைப் பார்க்க வேண்டும். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்குக் கைகள் துருப்பிடித்து மாற்றப்பட்ட கார்களில், புதுக் கைகளின் உயரம் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ரப்பர் அட்டைகள் எல்லாம் புதிதாக மாறியிருந்தால், பாடி பழைய நசுங்கிய அட்டைகளின் மேல் இருந்ததைவிட உயர்ந்திருக்கும், அதனோடு தண்டின் மேல்பாதியும் உயர்ந்திருக்கும். இன்ஜின் அறைத் தடுப்புத் தகட்டை ஒட்டிய பாடி போல்ட்களே தண்டை நேரடியாகப் பாதிக்கின்றன. அவற்றைத் தளர்த்தி, கதவின் இடைவெளிகளையும் கண்காணித்துக்கொண்டு, ஷிம்களைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். இது பொறுமை கேட்கும் வேலை, ஏனென்றால் தண்டுக்குச் சரியாக வரும் உயரம் கதவுக்குப் பிடிக்காமல் போகலாம். இரண்டும் முரண்பட்டால், பாடியைக் கதவுக்குச் சரியான இடத்தில் விட்டுவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள தாங்கிகளில் வாஷர் வைத்துத் தண்டை இறக்குவதோ ஏற்றுவதோ எனக்குச் சரியாகப் படுகிறது.

ரேக்கின் அடியில் மட்டும் ஷிம் வைத்து அதைத் தண்டுக்கு எட்டும்படி உயர்த்தக் கூடாது. வழி எளிதாக இருப்பதால் பலருக்கு முதலில் தோன்றுவதும் அதுதான். ரேக்கின் உயரம், அதைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராடுகளின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. டை ராடுகளின் கோணம் சஸ்பென்ஷன் கைகளின் கோணத்தோடு ஒத்துப்போனால்தான் சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது தானாகத் திரும்பாமல் இருக்கும். ரேக்கை உயர்த்தினால் தண்டு சுகமாகப் பொருந்தும், கார் மட்டும் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஒரு பக்கம் இழுக்கும். ரேக்கைப் பிடிக்கும் யு போல்ட்களைத் தளர்த்தி, ரேக்கை அதன் அச்சிலேயே சற்றுச் சுழற்றிப் பினியனின் முகம் மேலோ கீழோ பார்க்கும் கோணத்தைத் திருத்திக்கொள்வதில் இந்த ஆபத்து இல்லை. யு போல்ட்களைத் திரும்ப இறுக்கும்போது ரப்பர்கள் தம் இடத்தில் நன்றாக அழுந்தி உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வீலைத் திருப்பியவுடன் சக்கரம் திரும்புவதற்கு முன் ரேக்கே பக்கவாட்டில் நகரும்.

இறுக்கும் வரிசையில் என் பழக்கம் இது: எல்லாவற்றையும் விரல் இறுக்கத்தில் கோத்து, வீலை இரு பக்கமும் முழுவதும் சுழற்றி, பாகங்கள் தாமாகத் தம் கோட்டைத் தேடிக்கொள்ள விட்டு, பிறகு ரேக்கில் தொடங்கி, கப்ளிங், கீழ்க் கிளாம்ப், மேல் கிளாம்ப் என்று மேல்நோக்கி இறுக்கிக்கொண்டு வருவது. மேலிருந்து தொடங்கினால் மிச்சமிருக்கும் விலகல் முழுவதும் கப்ளிங்கில் போய் அடைந்துவிடும். எந்தப் போல்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை அந்த மாடலின் ஒர்க்‌ஷாப் மானுவல் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கப்ளிங்கில் வரும் சிக்கல்கள்

பினியனில் கப்ளிங்கைக் கோத்த பிறகு குறுக்குப் போல்ட் நுழையவில்லையென்றால், சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்தப் போல்டின் உடம்பு பினியனின் முனையில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தின் வழியே போகும்படி அமைந்திருக்கிறது. கப்ளிங் கடைசி சில மி.மீ. ஏறாமல் நின்றால் பள்ளமும் துளையும் ஒன்றின் மேல் ஒன்று வராது. அந்தப் பள்ளம்தான், போல்ட் தளர்ந்தாலும் தண்டு பினியனை விட்டு நழுவாமல் காக்கிறது. எனவே ஒல்லியான போல்ட் ஒன்றைப் போட்டு ஒப்பேற்றுவது உயிரோடு விளையாடுவது. ஸ்பிளைனில் பழைய துருவோ பெயின்டோ இருக்கிறதா என்று பார்த்து, கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, கப்ளிங்கின் வாயிலுள்ள பிளவை ஸ்க்ரூடிரைவரால் மிக லேசாக விரித்து ஏற்ற வேண்டும்.

போல்ட் விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஹெரால்டில் உள்ளவை யு.என்.எஃப். என்னும் அங்குலக் கணக்கு மரைகள். 5/16 அங்குலப் போல்டின் விட்டம் 7.94 மி.மீ.; ஆகவே கடையில் கிடைக்கும் 8 மி.மீ. மெட்ரிக் போல்ட் ஏறக்குறைய அதே அளவாகத் தெரியும், முதல் மரையும் பிடிப்பதுபோல் இருக்கும். ஆனால் முன்னதில் அங்குலத்துக்கு 24 மரைகள், அதாவது மரைக்கு மரை ஏறத்தாழ 1.06 மி.மீ.; பின்னதில் 1.25 மி.மீ. ஸ்பானரால் முறுக்கினால் உள்ளே போகும், மரையைச் சிதைத்துக்கொண்டு போகும்.

ரப்பர் வட்டுகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அவை தட்டையாக நிற்க வேண்டும். நடுவில் பிதுங்கியிருந்தால் தண்டு கீழ்நோக்கி அழுத்துகிறது. குழிந்திருந்தால் மேல்நோக்கி இழுக்கிறது. இரண்டுமே தண்டின் நீளத்தைச் சரிசெய்யும் கிளாம்பில் திருத்த வேண்டியவை, கப்ளிங்கில் அல்ல. போல்ட்களின் தலைகள் முழுச் சுற்றிலும் சேஸிஸையோ பக்கத்துக் குழாய்களையோ தொடாமல் போகின்றனவா என்பதையும், அவற்றைப் பூட்டும் கம்பி திரும்பப் போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பருக்குப் பதிலாக விற்கப்படும் கெட்டியான கப்ளிங்கைப் பலர் மேம்பாடு என்று வாங்குகிறார்கள். தண்டும் பினியனும் நூல் பிடித்தாற்போல் நேராக வந்த காரில் அது நன்றாகவே வேலை செய்யும். விலகல் உள்ள காரில் போட்டால், முன்பு ரப்பர் விழுங்கிய குறை அத்தனையும் புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் போய்ச்சேரும்.

மடங்கும் கிளாம்ப்

மேல் தண்டும் கீழ்த் தண்டும் சேரும் இடத்திலுள்ள கிளாம்பில் இரண்டு போல்ட்களும், லாக்நட்டோடு கூடிய ஓர் ஆலன் ஸ்க்ரூவும் உண்டு. வீலின் ஹப் வெளிக்குழாயில் உரசினால் மேல் தண்டு அளவுக்கு மீறிக் கீழே இறங்கியிருக்கிறது. ஹப்புக்கும் சிக்னல் சுவிட்சுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்து, சிக்னல் தானாக அணையாமல் போனால் அளவுக்கு மீறி மேலே நிற்கிறது. பழைய அளவு கையில் இருந்தால் அதற்கே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் 2 முதல் 3 மி.மீ. இடைவெளியில் தொடங்கி, முழுச் சுற்றிலும் உரசல் இல்லை என்பதை ஒரு காகிதத் துண்டை இடையில் விட்டுச் சுழற்றி உறுதிசெய்துகொள்ளலாம்.

ஆலன் ஸ்க்ரூவின் முனை கீழ்த் தண்டின் தட்டையான பகுதியில் நேராக உட்கார வேண்டும். தண்டு சற்றே திரும்பியிருந்தால் ஸ்க்ரூ தட்டைப் பகுதியின் விளிம்பில் நின்று இறுகிவிட்டதுபோல் காட்டும். சில நாள் ஓட்டத்தில் அந்த விளிம்பு நசுங்கி, வீலில் ஒரு சிறு ப்ளே (வெற்று ஆட்டம்) பிறக்கும். கிளாம்பின் போல்ட்களைச் சமமாக மாறி மாறி இறுக்கி, ஆலன் ஸ்க்ரூவை இறுக்கி, லாக்நட் போடும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பாமல் ஆலன் கீயால் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் வெல்டிங் வைத்து ப்ளேயைத் தீர்த்த கார்களும் சாலையில் உண்டு. அந்தத் தண்டு இனி மோதலில் மடங்காது. அப்படி ஒன்று கிடைத்தால், எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தியிருந்தாலும், குப்பையில் போட வேண்டும்.

விறைப்பு தண்டிலா, அதற்குக் கீழேயா

தண்டு நேராகப் பொருந்திய பிறகும் ஸ்டியரிங் கனமாக இருந்தால், முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, விறைப்பு எப்படி வருகிறது என்று கவனிக்க வேண்டும். வீலின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒருமுறை பிடித்தால், தண்டு வளைந்திருக்கலாம் அல்லது ஹப் ஓரிடத்தில் உரசலாம். சுற்று முழுவதும் ஒரே சீராகக் கனத்தால் புஷ்ஷையோ கிளாம்பையோ ஐயப்பட வேண்டும். சக்கரங்கள் நேராக இருக்கும்போது சரளமாகவும் இரு கோடிகளை நெருங்கும்போது கனமாகவும் இருந்தால், தண்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை: ரேக்கின் பற்கள் நடுவில் தேய்ந்திருக்கின்றன, அந்தத் தேய்மானத்துக்குச் சரியாக, ரேக்கைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கும் டேம்பரை இறுக்கியதால் தேயாத கோடிகளில் அது கவ்வுகிறது.

டை ராடுகளின் முனைகளை விடுவித்துவிட்டு வீலைச் சுழற்றும்போது எல்லாம் இலேசாகிவிட்டால், கனம் சக்கரத்தின் பக்கம் இருக்கிறது. ஹெரால்டில் அங்கே முதலில் பார்க்க வேண்டியது டிரன்னியன். சக்கரத்தைத் திருப்பும் நிலைத்தண்டு அடியில் மரை வழியாக இந்த டிரன்னியனில்தான் சுழல்கிறது. அதற்குக் கியர் ஆயிலான இ.பி. 90 போட வேண்டிய இடத்தில், நம் ஊர்ச் சர்வீஸ் நிலையங்களில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் உள்ளே எட்டாமல் காய்ந்து நிற்க, மரை துருப்பிடித்து ஸ்டியரிங் கனக்கிறது. அப்படியே விட்டால் ஒருநாள் நிலைத்தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும்.

வீல், சிக்னல், ஹாரன்

வீலைக் கோக்கும் முன் ரேக்கை நடுவில் நிறுத்த வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றுகளை எண்ணி, அதில் பாதி திரும்பி வந்தால் நடு. அந்த நிலையில் வீலின் ஸ்போக்குகள் நேராக அமரவில்லையென்றால் ஸ்பிளைனில் ஒரு பல் மாற்றிக் கோக்க வேண்டும். ஒரு பல்லுக்குள் அடங்கும் சிறு சாய்வை மட்டும் இரு டை ராடுகளையும் சம அளவில் திருப்பித் தீர்க்கலாம். ஒரு டை ராடை மட்டும் திருப்பி வீலை நேராக்கினால் முன் சக்கரங்களின் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்கும் அளவான டோ-இன் கெட்டு, டயர் தேயும். சிக்னலை அணைக்கும் கேம் தண்டோடு சுழல்வது என்பதால், நடு தவறினால் சிக்னல் ஒரு பக்கம் சீக்கிரமும் மறு பக்கம் தாமதமாகவும் அணையும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஹாரன் அடிக்காமல் போனால், அதுவும் பொருத்தும் வேலையின் விளைவுதான். ஹாரன் பட்டனுக்கு எர்த் தண்டின் வழியாகவே கிடைக்கிறது. தண்டோ மேலே ரப்பர் புஷ்களிலும் கீழே ரப்பர் கப்ளிங்கிலும் நிற்கிறது. ரேக்கும் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கப்ளிங்கின் இரு பக்கத்தையும் இணைக்கும் சிறு எர்த் பட்டையைப் பழசு என்று தூக்கி எறிந்திருந்தால், மின்னோட்டம் போக வழியே இல்லை. டெஸ்டர் ஒன்றை எடுத்து, தண்டிலிருந்து பினியனுக்கும் ரேக்கிலிருந்து சேஸிஸுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று இரண்டு இடங்களில் பார்த்து, இல்லாத இடத்தில் பின்னல் எர்த் பட்டை போட வேண்டும். முழுச் சுற்றுக்கும் அது இழுபடாத அளவுக்கு நீளம் விட வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும் முன்

கார் இன்னும் ஸ்டாண்டில் இருக்கும்போதே, ஒருவர் வீலை இரு கோடிகளுக்கும் திருப்ப, இன்னொருவர் கப்ளிங், கிளாம்ப், பிரேக் ஹோஸ் மூன்றையும் பார்க்க வேண்டும். ஹெரால்டின் சக்கரங்கள் மற்றக் கார்களைவிட மிக அதிகமாகத் திரும்பும்; 25 அடி வட்டத்துக்குள் கார் திரும்பிவிடும் என்பதே அதன் விளம்பரப் பெருமையாக இருந்தது. அந்தக் கடைசிக் கோணத்தில்தான் ஹோஸ் இழுபடுவதும் டயர் உரசுவதும் வெளிப்படும். தரையில் இறக்கிய பின் வீலைச் சிறிதளவு இடமும் வலமும் ஆட்டி, கப்ளிங் அசைவதற்கு முன் வீல் மட்டும் அசைகிறதா என்று பார்த்தால், மடங்கும் கிளாம்பில் ப்ளே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பிறகு காலியான சாலையில் மெதுவாக ஓட்டி, வளைவிலிருந்து வெளியே வரும்போது வீல் கையில் தானாகத் திரும்பி நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பி வராமல் நின்றுவிடும் வீல், ஜாக்கில் தெரியாத ஒரு இறுக்கத்தைக் காட்டுகிறது. பெரும்பாலும் காரின் எடை சேஸிஸில் இறங்கியதும் பாடி சற்று நகர்ந்து தண்டைத் தள்ளியிருக்கும், அப்போது மேல் கிளாம்பைத் தளர்த்தி, காரைத் தரையில் நிறுத்திய நிலையிலேயே திரும்ப இறுக்க வேண்டும். புதுப் பாடி ரப்பர்கள் போட்ட கார் என்றால், சில நூறு கி.மீ. ஓடி அவை அமிழ்ந்த பிறகு, பாடி போல்ட்களையும் தண்டின் இரு கிளாம்ப்களையும் கப்ளிங்கின் வட்டுகள் தட்டையாக நிற்கின்றனவா என்பதையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.